மறுமுறை வரையும் நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்: ஆர் மொழியில் ஆய்விதழ் வரைபடங்கள்

எங்கள் கட்டுரை ஒன்று ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. முடிவுகளில் குறை சொல்லவில்லை. மூன்றாம் படத்தின் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை, விடுபட்ட ஓர் ஆய்வுத் தளத்தின் தரவையும் சேர்த்துப் படத்தை மீண்டும் வரைந்து அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். முதல் முறை அந்தப் படத்துக்கு ஒரு மாலை நேரம் போதுமாயிருந்தது. மறுமுறை நான்கு நாள் பிடித்தது. புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் வரைந்ததை ஒரு வரைகலை மென்பொருளில் திறந்து, எழுத்துகளைக் கையால் நகர்த்தி, கோடுகளைக் கையால் தடிப்பாக்கி முடித்திருந்தோம். தரவு மாறியதும் அந்தக் கைவேலை முழுவதும் வீணாகிவிட்டது.

அன்று முதல் வரைபடக் கருவிகளை ஒரே அளவுகோலால் அளக்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு திருத்தம் வந்து நிற்கும்போது, அதே படத்தை எவ்வளவு எளிதாக மறுபடி வரைய முடிகிறது? ஆர் மொழியில் நமக்கு முன்னால் இருப்பவை முக்கியமாக மூன்று வழிகள்: மொழியோடு பிறந்த அடிப்படை வரைகலை, பிறகு லாட்டிஸ், ஜிஜிபிளாட்2 என்ற இரண்டு தொகுப்புகள் (மொழியோடு சேர்த்துக்கொள்ளும் நிரல் திரட்டுகள்). ஆய்வு மாணவர்களுடன் உட்கார்ந்து மூன்றிலும் படம் வரைந்திருக்கிறேன். மூன்றின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைத்தான் முதலில் கற்கச் சொல்வேன்.

ஒப்பிடுவதென்றால் ஒரே தரவை மூன்றிலும் வரைந்து பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது லாட்டிஸ் தொகுப்போடு கூடவே வரும் பார்லி தரவு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில், ஆறு தளங்களில், பத்துப் பார்லி ரகங்கள் ஏக்கருக்கு எத்தனை புஷல் (தானிய அளவை) விளைந்தன என்ற கணக்கு அது. மொத்தம் 120 எண்கள். இம்மர், ஹேஸ், பவர்ஸ் ஆகியோர் 1934-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் அதை எடுத்தாண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் புள்ளியியலாளர்கள் கையில் புழங்கியது. பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லண்ட் அதைத் தளத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்துப் புள்ளி வரைபடமாகப் போட்டபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஐந்து தளங்களில் பொதுவாக 1931-இன் விளைச்சல் அதிகம். மோரிஸ் என்ற தளத்தில் மட்டும் 1932 அதிகம். மோரிஸின் ஆண்டுகள் இடம் மாறிப் பதிவாகியிருக்கலாம் என்றார் அவர். 2013-இல் புள்ளியியலாளர் கெவின் ரைட் முன்பின் ஆண்டுகளின் பழைய தரவையும் திரட்டிப் பார்த்து, அது பிழையாக இருக்க வேண்டியதில்லை, இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம் என்று வாதிட்டார். யார் சொல்வது சரியானாலும், அந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு படம். ஆகவே என் சோதனை எளிது: படத்தைப் பார்த்த மாத்திரத்தில் மோரிஸ் கண்ணில் பட வேண்டும். 89 மில்லிமீட்டர் அகலத்தில், அதாவது நேச்சர் இதழின் ஒரு பத்தி அகலத்தில், பட வேண்டும்.

முதலில் அடிப்படை வரைகலை. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எஸ் மொழியிலிருந்து ஆருக்கு வந்த சொத்து இது. வெள்ளைத் தாளில் பேனாவால் வரைவதைப் போன்ற வேலை. அச்சைப் போடு, புள்ளியைப் போடு, எழுத்தை இந்த இடத்தில் எழுது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை போட்டதை நகர்த்த முடியாது, முதலிலிருந்து மீண்டும் ஓட்ட வேண்டும். எதை எங்கே போட்டாலும் அது சொன்னபடி அங்கே விழும் என்பதே இதன் பலம். வேறு தொகுப்பு எதையும் நிறுவத் தேவையில்லை. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய நிரல் இன்றும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆய்வில் இது சாதாரணப் பெருமை அல்ல.

பார்லியை இதில் வரைய, ஆறு கட்டங்களுக்கும் ஒரு சுழற்சி எழுத வேண்டும். 'எம்எஃப்ரோ' என்ற அமைப்பில் ஆறு வரிசை ஒரு பத்தி என்று சொன்னதும் ஆர் நமக்குச் சொல்லாமலே எழுத்தின் அளவை 0.66 மடங்காகக் குறைத்துவிடும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகளோ பத்திகளோ இருந்தால் இது தானாக நடக்கும். இரண்டுக்கு இரண்டு என்றால் 0.83 மடங்கு. எழுத்து ஏன் சிறுத்தது என்று தெரியாமல் தவிக்கும் மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டங்களைப் பிரித்த பிறகு 'செக்ஸ்' (cex) என்ற எழுத்தளவு அமைப்பை மீண்டும் 1 ஆக்கினால் சரியாகிவிடும். கட்டத்தைச் சுற்றியுள்ள ஓரமும் அப்படித்தான்: கீழே, இடம், மேலே, வலம் என்ற வரிசையில் 5.1, 4.1, 4.1, 2.1 வரி என்பதே இயல்புநிலை. ஆறு கட்டங்களுக்கு அது மிக அதிகம். ரகங்களின் பெயர்கள் நீளமானவை என்பதால் இடது ஓரத்தை அகலமாக்கி, மற்றவற்றைக் குறுக்கி, அச்செண்கள் நேராக நிற்கும்படி 'லாஸ்' (las) என்ற எழுத்துத் திசை அமைப்பை 1 ஆக்கி, குறிவிளக்கத்தின் இடத்தைக் கையால் கணித்துப் போட்டு முடித்தபோது நாற்பது வரி நிரல் ஆகியிருந்தது. படம் அழகாகவே வந்தது. ஆனால் இதழ் ஏழாவது தளம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், அந்த நாற்பது வரிகளில் பாதியைத் திருத்த வேண்டும். ஒரே ஒரு படம், அதுவும் வேறெங்கும் காணாத வடிவத்தில் வேண்டும் என்றால் இதைவிட நல்ல கருவி இல்லை. பல படங்களுக்கு இது உடல் உழைப்பு.

அடிப்படை வரைகலையின் எளிமையை விட மனம் வராதவர்களுக்கு டைனிபிளாட் என்ற தொகுப்பைச் சொல்வேன். அதே மரபில் நின்றுகொண்டே, குழுக்களைப் பிரிப்பதையும் குறிவிளக்கத்தையும் கட்டங்களையும் தானே கவனித்துக்கொள்கிறது. வேறு எந்தத் தொகுப்பின் மீதும் சாய்ந்து நிற்பதில்லை.

லாட்டிஸ் இந்தச் சோதனையின் சொந்த ஊர். கிளீவ்லண்டின் குழு டிரெல்லிஸ் என்ற பெயரில் வளர்த்த எண்ணங்களைத் தீபாயன் சர்க்கார் ஆருக்குக் கொண்டுவந்தார். ஆரை நிறுவினாலே கூட வந்துவிடும். ரகம், விளைச்சல், தளம், ஆண்டு என்ற நான்கையும் ஒரே வாய்பாட்டில் சொன்னால், பார்லி படம் இரண்டே வரிகளில் வந்து நிற்கிறது. மோரிஸும் கண்ணில் படுகிறது. கட்டங்களைக் கீழிருந்து மேலாக அடுக்குவது இதன் வழக்கம், முதல்முறை பார்ப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. ஒரே ஒரு கட்டத்தில் ஓர் அம்புக்குறி போட வேண்டும் என்றால்கூட அந்தக் கட்டத்துக்கான வரைபணியைத் தனி நிரலாக எழுத வேண்டும். நிறமும் எழுத்தளவும் ஆழமான பட்டியல்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. துணைத் தொகுப்புகளும் புதிய உதவிக் குறிப்புகளும் குறைவு. ஏற்கெனவே லாட்டிஸில் தேர்ந்தவர் அதை விட்டு வர வேண்டிய அவசியமில்லை. புதிதாகக் கற்க வருபவரை இதற்கு அனுப்ப மாட்டேன்.

ஜிஜிபிளாட்2-ஐத்தான் முதலில் கற்கச் சொல்வேன். லீலண்ட் வில்கின்சன் 1999-இல் முன்வைத்த வரைகலை இலக்கணத்தை ஹேட்லி விக்கம் ஆருக்கு ஏற்ப வடிவமைத்து 2007-இல் வெளியிட்டார். தரவின் எந்தப் பத்தி படத்தின் எந்தப் பண்பாக மாற வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்: விளைச்சல் கிடை அச்சு, ரகம் நெடு அச்சு, ஆண்டு புள்ளியின் வடிவம், தளம் கட்டம். மீதியை அது கணக்கிட்டுக்கொள்கிறது. தரவில் ஏழாவது தளம் சேர்ந்தால், நிரலில் ஒரு எழுத்தையும் தொடாமல் ஏழாவது கட்டம் வந்துவிடும். நான்கு நாள் வேலை பத்து நிமிடமாகச் சுருங்குவது இந்த இடத்தில்தான். என் அளவுகோலில் இது மற்ற இரண்டையும் முந்துவதும் இதனால்தான்.

ஆனால் இயல்புநிலையில் வரும் ஜிஜிபிளாட் படத்தை அப்படியே இதழுக்கு அனுப்பாதீர்கள். சாம்பல் பின்னணியும் வெள்ளைக் கட்டக்கோடுகளும் திரைக்கு நன்று. பெரும்பாலான இதழ்கள் வெள்ளைப் பின்னணியையே விரும்புகின்றன. தீம் என்ற தோற்ற அமைப்பை 'தீம் கிளாசிக்' அல்லது 'தீம் பிடபிள்யூ' என்று மாற்றுங்கள். பார்லி போன்ற புள்ளிப் படத்தில் மெல்லிய கிடைக்கோடுகள் ரகத்தின் பெயரிலிருந்து புள்ளி வரை கண்ணைக் கூட்டிச் செல்லும் என்பதால், அவற்றை மட்டும் விட்டுவைப்பேன். வகைகளின் வரிசையையும் பார்க்க வேண்டும். தளங்களின் பெயர்கள் வெறும் எழுத்தாக இருந்தால் ஜிஜிபிளாட் அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிடும். கிளீவ்லண்ட் தளங்களை இடைநிலை விளைச்சலின்படி வரிசைப்படுத்தியதும் மோரிஸ் வெளிப்பட ஒரு காரணம். பார்லி தரவில் அந்த வரிசை ஏற்கெனவே பதிந்திருக்கிறது. உங்கள் தரவில் இருக்காது. 'ரீஆர்டர்' என்ற ஒரு சொல்லால் அதைச் செய்துவிடலாம். இதைச் செய்யாமல் நல்ல கண்டுபிடிப்பை அகரவரிசையில் புதைத்த படங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எந்தக் கருவியை எடுத்தாலும் வரைபடங்கள் பெரும்பாலும் கெடும் இடம் அளவு. இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஜிஜிபிளாட்டின் இயல்பு எழுத்தளவு 11 பாயிண்ட். அச்செண்கள் அதில் 0.8 மடங்கு, அதாவது 8.8 பாயிண்ட். திரையில் நன்றாகத் தெரிகிறது என்று 7 அங்குல அகலத்தில், ஏறத்தாழ 178 மில்லிமீட்டரில், சேமிக்கிறோம். இதழ் அதை 89 மில்லிமீட்டர் பத்தியில் வைக்கப் பாதியாகச் சுருக்குகிறது. 8.8 பாயிண்ட் 4.4 ஆகிறது. நேச்சர் கேட்பது 5 முதல் 7 பாயிண்ட். எங்கள் மூன்றாம் படம் திரும்பி வந்ததும் இதே கணக்கால்தான். தீர்வு, தொடக்கத்திலிருந்தே இறுதி அளவில் வரைவது. 'ஜிஜிசேவ்' கட்டளையில் அகலம் 89, அலகு மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். தீமின் அடிப்படை எழுத்தளவை 7 ஆக்குங்கள். அச்செண்கள் 5.6 பாயிண்டில் வந்து நிற்கும், எல்லைக்குள். திரையில் படம் சிறிதாகத் தெரியும், கவலைப்பட வேண்டாம். உங்கள் இதழ் வேறென்றால் அதன் அளவை வழிகாட்டியிலிருந்து எடுங்கள். எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்களில் ஒரு பத்தி 90, ஒன்றரைப் பத்தி 140, இரு பத்தி 190 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ஜிஜிபிளாட்டில் தீமுக்குள் எழுத்து பாயிண்டில் அளக்கப்படுகிறது. படத்துக்குள் நாம் போடும் எழுத்துகள் மில்லிமீட்டரில். அங்கே அளவு 7 என்று கொடுத்தால் ஏறத்தாழ 20 பாயிண்டில் பூதாகரமாக வரும். வேண்டிய பாயிண்டை 2.845-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்; 3.5.0 பதிப்பிலிருந்து அலகைப் பாயிண்ட் என்று நேரடியாகவே சொல்லலாம். கோட்டின் தடிமனும் அப்படியே: 0.5 என்று கொடுத்தால் தாளில் ஏறத்தாழ 1 பாயிண்ட் வரும். அச்சுக்கோட்டுக்கு 0.25 போதும்.

ஜிஜிபிளாட்டின் உண்மையான குறை அதன் மாற்றங்கள்தான். 3.4.0 பதிப்பில் கோட்டின் தடிமனுக்குத் தனிப் பெயர் வந்தது. பழைய நிரல்கள் எச்சரிக்கையோடு ஓடின. 2025-இல் வந்த 4.0.0 உள்கட்டமைப்பையே மாற்றியது. அதை நம்பியிருந்த சில துணைத் தொகுப்புகள் இடறின. ஆகவே கட்டுரையை அனுப்பும் நாளிலேயே 'ரென்வ்' தொகுப்பால் பதிப்புகளைப் பூட்டி வையுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் ஜிஜிபிளாட்டைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மறுமுறை வரையும் நாளில் நிரலே ஓடவில்லை என்றால் மற்ற நன்மைகளால் என்ன பயன்?

கையால் மெருகேற்றும் வழியையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆரிலிருந்து பிடிஎஃப் எடுத்து இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ திருத்துவது உடனடியாக நிறைவைத் தருகிறது. பழைய ஆர் பதிப்புகளில் இதற்கு ஒரு விசித்திரத் தண்டனையும் இருந்தது. வட்டப் புள்ளிகளை டிங்பேட்ஸ் என்ற குறி எழுத்துருவில் எழுதியதால், திருத்தும் மென்பொருளில் திறந்ததும் புள்ளிகள் எல்லாம் 'க்யூ' என்ற ஆங்கில எழுத்தாக மாறி நின்றன. ஆர் 4.0.0 பதிப்பில் அந்த இயல்புநிலையைக் கைவிட்டார்கள். உயிரணுவின் படத்தின்மேல் விளக்க ஓவியம் ஒட்டுவது போன்ற வேலைக்குக் கைத்திருத்தம் தேவைதான். எழுத்தை நகர்த்துவது, நிறம் மாற்றுவது, கட்டங்களுக்கு ஏ, பி, சி என்று பெயரிடுவது எல்லாம் நிரலுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

கட்டங்களைச் சேர்க்கத் தாமஸ் லின் பெடர்சனின் பேட்ச்வொர்க் தொகுப்பையே நான் பயன்படுத்துகிறேன். இரண்டு படங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பக்கத்தில் பக்கத்தில், சாய்வுக்கோடு போட்டால் ஒன்றன்கீழ் ஒன்று. அச்சுகள் தாமே நேர்கோட்டில் அமைகின்றன. கிளாஸ் வில்கேயின் கவ்பிளாட்டும் நம்பகமானது. ஜிஜிபப்ஆர் என்ற தொகுப்பை மாணவர்கள் விரும்புகிறார்கள், ஒரே கட்டளையில், வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானது என்று காட்டும் நட்சத்திரக் குறிகளோடு படம் வந்துவிடுகிறது என்பதால். அந்த நட்சத்திரங்களுக்குப் பின்னால் எந்தச் சோதனை ஓடியது, பல ஒப்பீடுகளுக்குத் திருத்தம் செய்ததா என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அதைத் தொடாதீர்கள். சோதனையைத் தனியாகச் செய்து, முடிவை நீங்களே படத்தில் எழுதுங்கள்.

நிறத்தில் ஜிஜிபிளாட்டின் இயல்புத் தேர்வு எனக்கு உடன்பாடில்லை. இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் ஏறத்தாழ ஒரே ஒளிர்வில் அமைந்திருப்பதால், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானியர்கள் வகுத்த நிறவரிசை ஆர் 4.0.0 முதல் உள்ளேயே கிடைக்கிறது. தொடர்ச்சியான அளவுகளுக்கு விரிடிஸ் என்ற நிறவரிசை. பார்லிக்கு நான் நிறமே பயன்படுத்தவில்லை. 1931-க்கு நிறைந்த வட்டம், 1932-க்கு வெற்று வட்டம். 89 மில்லிமீட்டரில், சாதாரண அச்சுப்பொறியில், மோரிஸ் கட்டத்தில் மட்டும் வெற்று வட்டங்கள் வலப்பக்கம் தாவி நிற்பது நன்றாகத் தெரிந்தது.

கோப்பு வடிவத்துக்கு வந்தால், கோடுகளும் புள்ளிகளும் கொண்ட படத்துக்கு பிடிஎஃப் போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஆரின் சாதாரண பிடிஎஃப் கருவி எழுத்துருவைக் கோப்புக்குள் பதிப்பதில்லை. ஆரின் மற்றொரு கருவியான கைரோ பிடிஎஃப் பதிக்கிறது, சில இதழ்கள் இதைக் கண்டிப்பாகக் கேட்கும். பல்லாயிரம் புள்ளிகள் இருந்தாலோ இதழ் டிஃப் (TIFF) படக்கோப்பு கேட்டாலோ ராக் தொகுப்பின் கருவியில் எடுங்கள். எல்செவியர் கோட்டுப் படங்களுக்கு அங்குலத்துக்கு 1000 புள்ளிகள் கேட்கிறது, ஒளிப்படங்களுக்கு 300. 'ஜிஜிசேவ்' இயல்பாகத் தருவது 300 மட்டுமே என்பதால் கோட்டுப் படத்துக்கு நீங்களே மாற்ற வேண்டும்.

தமிழில் வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்தக் கடைசித் தேர்வு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். நம் எழுத்துகளில் உயிர்மெய்க் குறிகள் இடம் மாறி நிற்கும். 'கொ' என்று எழுத, ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சேர வேண்டும். இதைச் செய்ய எழுத்தைக் கோக்கும் இயந்திரம் தேவை. சாதாரண பிடிஎஃப் கருவியில் தமிழ் எழுத்துகள் வருவதே இல்லை. ஷோடெக்ஸ்ட் தொகுப்பு எந்த எழுத்துருவையும் கொண்டுவரும் என்று நம்பிப் பலர் அதை முயல்கிறார்கள். அது எழுத்துகளைத் தனித்தனியாக வரைவதால் கொம்புகள் சிதறிப்போகின்றன. ராக் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. எஸ்விஜி படக்கோப்பு தரும் எஸ்விஜிலைட் தொகுப்பு எழுத்தை எழுத்தாகவே விட்டுவைப்பதால் உலாவி அதைச் சரியாகக் காட்டுகிறது. பிடிஎஃப்தான் வேண்டுமென்றால் கைரோவில் எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் சரிபாருங்கள். ரகங்களின் பெயர்களைத் தமிழில் இட்டு ராக் வழியாக முதன்முதலில் ஒரு படம் எடுத்தபோது, 'பொன்னி' என்ற சொல்லில் கொம்பும் காலும் அவற்றின் இடத்தில் நிற்பதைப் பார்த்து, தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டேன்.